பெரியம்மா என்று கூப்பிடு

வள்ளிநாயகி யாரையும் நம்பமாட்டாள். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு பிடி கறிவேப்பிலை வாங்கினாலும், அடியில் பழுத்தது கிடக்கும் என்று கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவாள். அவளைக் கண்டாலே கடைக்காரர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2009இல் வவுனியா முகாமில், நல்ல முகம் உள்ள ஒருவன் கம்பிவேலிக்கு வந்து அவளுடைய ஒன்பது வயது மகளுக்குப் பால்மாப் பெட்டி ஒன்று நீட்டினான். அவள் அழுதுகொண்டே வாங்கினாள். இரண்டு நாள் கழித்து அதே நல்ல முகம் வந்து புருஷன் குகதாசனைப் பற்றி விசாரித்தது. கைநீட்டி வாங்கிய நன்றியில், பக்கத்துக் கூடாரத்தில்தான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். அன்று ஏற்றிக்கொண்டு போன குகதாசன் இன்றுவரை திரும்பவில்லை. சும்மா வரும் எதற்கும் பின்னால் ஒரு கேள்வி வரும் என்பதை அவள் அப்படித்தான் படித்தாள்.

அடுத்த வருடக் கடைசியில் மகள் தாட்சாயினியோடு பாரிஸ் வந்து சேர்ந்தாள். லாச்சப்பலுக்குப் பக்கத்தில் அரசாங்கம் ஒரு ஹோட்டல் அறை கொடுத்தது. ஒரு கட்டில், ஒரு கைகழுவும் தொட்டி. மேசை வைக்க இடமில்லை. பின்னேரங்களில் வள்ளிநாயகி அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவாள். பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாத பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு புடவைக்கடைப் படியில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் இருந்து வரும் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருக்கும்.

அந்தக் கடை மரியநாயகியுடையது. மன்னார்ப் பக்கத்து மனுஷி, கத்தோலிக்க வேதக்காரி. ஒரு மழைநாளில் பிள்ளையை உள்ளே கூப்பிட்டு, பின்பக்கத்தில் துணி வெட்டும் மேசையில் கிடந்த சுருள்களை ஒதுக்கிவிட்டாள். அம்மா வரும்வரை இதில் உட்கார்ந்து எழுது, நாலு மணிக்குப் பிறகு நான் துணி வெட்டுவதில்லை என்றாள். கூட்டிப்போக வந்த வள்ளிநாயகி, இதற்கு என்ன தரவேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று பதில் வந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று யோசித்துக்கொண்டே மகளின் கையைப் பிடித்து நடந்தாள்.

முதலில், சம்பளமில்லாமல் கடைவேலை வாங்குகிறாள் என்று நினைத்தாள். ஒருநாள் வேலைக்குப் போகாமல் எதிர்ப்பக்கத்தில் ஒளிந்து நின்று பார்த்தாள். பிள்ளை எழுதிக்கொண்டிருந்தது. மரியநாயகி வாயில் விரலை வைத்து வாடிக்கையாளர்களை அடக்கி, காஞ்சிபுரப் பட்டுக்கே கிசுகிசுப்பில் விலை பேசிக்கொண்டிருந்தாள். சரி, அப்படியானால் வேதத்துக்கு மாற்றப் பார்க்கிறாள். பிள்ளையைக் குளிக்க வார்க்கும்போது கழுத்தில் மாதா சுரூபம் ஏதாவது தொங்குகிறதா என்று தேடினாள். அதுவும் இல்லை.

பிறகுதான் வலன்ரைன் கண்ணில் பட்டான். மரியநாயகியின் ஒரே மகன், தாட்சாயினிக்கு ஐந்து வயது மூத்தவன், சனிக்கிழமைகளில் கடைக்குச் சுருள் தூக்க வருபவன். வள்ளிநாயகிக்கு எல்லாம் ஒரே அடியில் விளங்கிவிட்டது. ஆண்பிள்ளை பெற்றவள் அடுத்தவள் பெட்டைக்கு ஏன் பாணும் தேத்தண்ணியும் கொடுக்கிறாள்? மருமகள் வளர்க்கிறாள். போதாக்குறைக்கு இந்தப் பிள்ளையும் வாய்க்கு வாய் அவளை "மாமி, மாமி" என்கிறது.

அன்று ஹோட்டல் கட்டிலில் வைத்து உத்தரவு போட்டாள்.

"இனி அவவை மாமி எண்டு கூப்பிடக்கூடாது. பெரியம்மா எண்டு கூப்பிடு."

"ஏனம்மா?"

"சொன்னதைச் செய்."

மாமியின் மகன் என்றால் கட்டுகிற முறை. பெரியம்மாவின் மகன் அண்ணன். இந்த வேலியை எந்த வேதக்காரியாலும் தாண்ட முடியாது என்று வள்ளிநாயகி அன்று நிம்மதியாகப் படுத்தாள். அடுத்த நாள் பிள்ளை கடையில் போய்ப் பெரியம்மா என்றதும், மரியநாயகி கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாளாம். திட்டம் பாழாய்ப்போன ஆத்திரம் என்று வள்ளிநாயகி அதற்கும் அர்த்தம் சொன்னாள்.

தாட்சாயினிக்குப் படிப்பு இலேசில் வரவில்லை. ஒரே வகுப்பில் இரண்டு வருடம் இருந்தாள். சொன்னதை எழுதச் சொன்னால் தாள் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வரும். அதைப் பெரியம்மாவின் மேசையில் வைத்து முதலிலிருந்து எழுதுவாள். சேலை மடிப்புக்குள் வைக்கும் மட்டைகளை மரியநாயகி எடுத்துக் கொடுப்பாள். தெரியாத சொற்களையெல்லாம் பிள்ளை அவற்றில் எழுதி, தொங்கும் சேலைகளுக்கு நடுவே குத்தி வைக்கும். சேலை பார்க்க வந்தவர்கள் பிரெஞ்சு வினைச்சொற்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பதினைந்து வயதில், இவளைத் தையல் படிக்க அனுப்பலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். கடைக்கு ஆள் பிடிக்க மரியநாயகிதான் சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று வள்ளிநாயகி கொதித்தாள். மரியநாயகியோ வியாபார நேரத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். தனக்குத் தெரிந்த கடைப் பிரெஞ்சில், நான் தையற்காரி, எனக்குத் தெரியும், இந்தப் பிள்ளைக்குப் பொத்தான்கூட நேராகத் தைக்க வராது, தயவுசெய்து கணக்குப் படிக்க விடுங்கள் என்று வாதாடினாள். பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் லிசேயில் இடம் கிடைத்தது. வள்ளிநாயகிக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. மருமகள் படித்தவளாக இருக்கவேண்டும் என்று பார்க்கிறாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பள்ளி இறுதிப் பாக் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கும்போது அந்தப் பேய் குடை பிடித்துக்கொண்டு வந்தது. வள்ளிநாயகியோடு வேலை செய்யும் துஷாந்தி, மழைக்குள் வலன்ரைன் தாட்சாயினிக்குக் குடை பிடித்து கார் து நோர் நிலையம்வரை கூட்டிப்போனதைக் கண்டதாகச் சொன்னாள். இனிக் கடைப்பக்கம் காலெடுத்து வைக்கக்கூடாது என்று வள்ளிநாயகி அன்றே தடுத்துவிட்டாள். அண்ணா என்றுதானே கூப்பிடுகிறேன் என்று மகள் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

அப்போது அவர்கள் பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் இன்னொரு குடும்பத்தோடு ஒரு வீட்டைப் பங்குபோட்டு இருந்தார்கள். அந்த வீட்டில் தொலைக்காட்சி ஓயாது, பிள்ளைகளின் சண்டையும் ஓயாது. தாட்சாயினி எதிர்த்துப் பேசவில்லை. வீட்டுக்குப் பிந்தி வரத் தொடங்கினாள். ரயில் சுணங்கியது என்பாள். தினமுமா சுணங்கும்?

ஒருநாள் வள்ளிநாயகி தலையில் சால்வையைப் போர்த்துக்கொண்டு கார் து நோரில் காத்திருந்து, மகள் ஏறிய ரயில்பெட்டியின் மறுகோடியில் ஏறிக்கொண்டாள். பிள்ளை ஜன்னலோரம் இருந்து மடியில் புத்தகத்தை விரித்தது. வில்லியே லே பெல் வந்தது. நிமிரவேயில்லை. அடுத்த நிலையத்தில் எவன் நிற்கிறானோ என்று தாய் சால்வையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். கூசேன்வில்லில் பிள்ளை இறங்கி, எதிர்மேடைக்குப் போய், குளிர்ந்த இரும்பு வாங்கில் உட்கார்ந்து மிச்சக் கணக்கை எழுதியது. அங்கே ஒருவரும் வரவில்லை. திரும்பிப் போகும் ரயில் வந்ததும் ஏறி மறுபடி மடியை விரித்தது. இந்த முறையும் வில்லியே லே பெல்லைத் தாண்டிப் பாரிஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

வள்ளிநாயகி எழுந்து போய் எதிரில் உட்கார்ந்தாள். மகள் திடுக்கிடவும் இல்லை, அழவும் இல்லை.

"வீட்டிலை எழுத ஏலாதம்மா. இதிலை வெளிச்சம் இருக்கு."

 வள்ளிநாயகிக்குத் தன்னையே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது. நாளைக்குக் கடைக்கே போ என்று சொன்னாள். நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வந்து பெண் கேட்கட்டும், கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறதுதானே என்று துணிந்துவிட்டாள். அவ்வளவுதான்.

பிள்ளை பாக் பரீட்சையில் மிகத் திறமாகப் பாஸ் பண்ணியது. மருந்தியல் படிக்கப் போய், அதே வெட்டுமேசையில் ஆறு வருடம் படித்து, 2025 கோடையில் பார்மசி டாக்டர் பட்டத்தோடு வந்து நின்றது. வள்ளிநாயகி அழுதாள், சிரித்தாள், கோவிலில் அருச்சனை செய்தாள். ஆனால் காது மட்டும் வாசல்பக்கமே இருந்தது. கேள்வி இனித்தான் வரும்.

வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மரியநாயகியும் வலன்ரைனும் வில்லியே லே பெல்லுக்குத் தட்டத்தோடு வந்தார்கள். வாழைப்பழம், கேக், ஒரு பட்டுச் சேலை. தட்டத்தைக் கண்டதும், பல வருடமாகப் பாடமாக்கி வைத்திருந்தது வள்ளிநாயகியின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"அக்கா, குறை நினையாதேங்கோ. நீங்கள் செய்ததுக்கு வேறை என்ன கேட்டாலும் தருவன். என்ரை பிள்ளையை மட்டும் கேளாதேங்கோ."

வலன்ரைன் தலையைக் குனிந்துகொண்டான். மரியநாயகி தட்டத்தை ஏந்தியபடியே நின்றாள். அத்தனை வருடமும் இந்த மனுஷி தன்னை எப்படிப் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது போலும். முகம் கறுத்து, பிறகு மெல்லத் தெளிந்தது.

"பிள்ளையைக் கேக்கத்தான் வந்தனான்," என்றாள். "இவனுக்கு ஸ்தேன் பக்கத்திலை இருக்கிற கஜானி எண்டு ஒரு பிள்ளையைப் பொருத்தியிருக்கு. கலியாணத்திலை கூறைச்சேலைத் தட்டம் ஏந்த மாப்பிள்ளைக்கு ஒரு சகோதரி வேணும். இவள் சின்னனிலையிருந்து என்னைப் பெரியம்மா எண்டு கூப்பிடுறாள். வேறை ஆரிட்டை நான் போய்க் கேக்கிறது?"

 வள்ளிநாயகிக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அதற்குள்ளும், என் பிள்ளையை மருமகளாகக் கேட்காததற்கு இவளுடைய மகன் என்ன பெரிய மகாராசாவோ என்று ஒரு கோபம் எட்டிப் பார்த்தது. பெற்ற மனம் அப்படித்தான். வேலி என்று நினைத்துத் தான் போட்ட ஒரு சொல்லை, இவள் உறவென்று எடுத்து இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறாள். சும்மா வந்ததற்குப் பின்னால் வந்த கேள்வியும் இவ்வளவுதான்.

இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கினாள். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"பிள்ளை, அண்ணா வந்திருக்கிறார். பெரியம்மாவுக்குத் தேத்தண்ணி போடு."