பட்டிப்பொலவில் பாக்கியம் அக்கா கழற்றிய ஜன்னல்

ஹட்டனில் எங்கள் வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது நோர்வூட்டிலிருந்து அக்காவின் கணவர் அழைத்தார். "தம்பி, பாக்கியம் போயிட்டாப்பா. நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." எனக்கு நம்பிக்கையே வரவில்லை. முந்தின நாள்தான் அக்கா, "பிரேக் கொஞ்சம் கத்துது, பாத்துக்க" என்று சாவியைத் தந்துவிட்டுப் போனார்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அந்த வேனும் தெரியும். உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மலையெல்லாம் ஏற்றிப் போவது எங்கள் தொழில். அக்கா ஓட்டுவார், நான் சமைப்பேன். அவர் வாயும் உங்களுக்குத் தெரியும். என் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, "மழத்தண்ணிய வடிகட்டிக் குடுத்தியா?" என்பார். அவரைப் பார்த்து நான் அசந்து நின்ற ஒரு பகலை இங்கே சொல்ல வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். பட்டிப்பொலவில் மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்து பாதை மூடியதால், இரவு வேனிலேயே தங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நேரம் பார்த்துக் கட்டிலுக்கு மேலிருந்த ஜன்னல் ஒழுகி, குழந்தையின் போர்வையை நனைத்தது. அந்தக் குளிரில் ஈரத்தில் பச்சைக் குழந்தையைப் போட முடியுமா? தாய் அழுதேவிட்டாள். அக்கா குழந்தையை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக் கூரைத் தகரம் ஒழுகினால் நாங்கள் தார் பூசுவோம். மறுபடி ஒழுகினால் அதன்மேலேயே இன்னும் பூசுவோம். புறப்படும் முன் அக்கா அந்த ஜன்னலுக்கும் அதையேதான் செய்திருந்தார். சட்டத்தைச் சுற்றிச் சிலிக்கோன் பசையை அப்பியதில், நீர் வெளியே வடிவதற்காக அடியில் விட்டிருந்த சிறு துளைகளும் அடைபட்டுவிட்டன. போக வழியில்லாத நீர் உள்ளே வந்தது. நானாக இருந்தால் மழையின்மேல் பழியைப் போட்டிருப்பேன். அக்கா நேராக அந்தத் தாயிடம் போய், "நான்தாங்க அடச்சேன். தண்ணி போற ஓட்டையையும் சேத்து அடச்சிட்டேன். நானே கழட்டிச் சரியா மாட்டித் தர்றேன்" என்றார்.

"அக்கா, கழட்டிட்டு மாட்ட முடியாம போயிட்டா?" என்றேன்.

"மேல பூசுனா இன்னும் மோசமாயிரும்டா. கழட்டித்தான் ஆவணும்."

பக்கத்தில் மரக்கறி ஏற்றும் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கிருந்த முதலாளியிடம் சிங்களத்தில் கேட்டு, வேனை அதற்குள் விட்டார். ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி, பழைய பசையை நகம் கிழியச் சுரண்டினார். மூடுபனியில் ஜன்னல் பொருந்தும் மரம் எங்கே காயும்? ரொட்டிக்கல்லில் துணியைச் சூடாக்கி, ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தார். கருவிப் பெட்டியில் கிடந்த, நீர் புகாத புது ஒட்டு நாடாவைச் சட்டத்தைச் சுற்றி ஒட்டி, ஜன்னலை மறுபடி பொருத்தி, திருகாணிகளை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். அடித்துளைகளைக் குத்தித் திறந்துவிட்டார்.

பிறகு மெத்தையைத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டார். "ஊத்துடா!" நான் வெளியே நின்று வாளியால் ஊற்றினேன். "மாரியம்மனுக்கா அபிஷேகம் பண்ற? நல்லா அடிச்சு ஊத்து!" எழுந்து வந்தபோது அவர் முகத்தில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை. தாய் உள்ளே போய் அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு குழந்தையை அக்காவின் கையில் கொடுத்தாள்.

நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. தப்பாகப் போட்டதை, போட்ட கையாலேயே, பாதிக்கப்பட்டவர் பார்த்துக்கொண்டிருக்கக் கழற்றிப்போடும் துணிச்சல். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது அதுதான். இன்னும் பாதிகூட வசப்படவில்லை.