பூட்டிய வீடுகளுக்குப் படித்த பேப்பர்

செய்தித்தாளின் பயன்கள் என்று பள்ளிக்கூடத்தில் உங்களைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் பெரியவன் நேற்று என்னிடம் வந்து, "பேப்பர்ல போட்டா ஜனங்க அப்படியே கேட்டு நடப்பாங்களா?" என்று கேட்டான். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். கட்டுரையில் எழுதும்படியான பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒன்பது வயதில் ஒரே ஒரு நாள் பேப்பர் படித்து, ஒரு தெருவையே காலி செய்துவிட்டேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அதை வேண்டுமானால் சொல்கிறேன்.

அது யுத்த காலம். ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. இருபது, இருபத்தைந்து வீடுகள் இருக்கும். கடலுக்குப் போகிறவர்கள், மீன்கூடை சுமக்கிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். என் நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். தெருவில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். துறைமுக வாசலில் இருந்த டீக்கடைக்காரர், வேலை விட்டு வரும் நைனாவிடம் அன்றைய தமிழ்ப் பேப்பரைக் கொடுத்தனுப்புவார். மறுநாள் காலையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஆகாயத்திலிருந்து குண்டு போடுகிறவனுக்கு வெளிச்சம் தெரியக் கூடாது என்று தெருவிளக்குகளுக்கெல்லாம் கறுப்புச் சாயம் பூசியிருந்த நாட்கள். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே குழாயடியில் கூட்டம் சேர்ந்துவிடும். நைனா நின்றபடி படிப்பார்.

"ஜப்பான்காரன் இப்ப எங்க கீறான், அண்ணாத்தே?" என்று யாராவது கேட்பார்கள்.

"அவன் ரொம்ப தொலவுல கீறான். நீ மொதல்ல உன் கொடத்த நவுத்து, தண்ணி வழிஞ்சிகினு கீது பாரு."

எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள்.

நான் நைனாவின் கைக்குக் கீழே நின்று பேப்பரின் நுனியைப் பிடித்துக்கொள்வேன். அப்போது நான் நான்காம் வகுப்பு. அவர் படிக்கும் வரியை நானும் மனசுக்குள் எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன். அப்படித்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். நைனா எல்லா வரிகளையும் படிப்பதில்லை. மேலே பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, கீழே இருக்கும் அரிசி விலைக்கும், எங்கேயோ நடந்த தேர்த்திருவிழாவுக்கும் போய்விடுவார். ஏன் என்று யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். பாவம், நைனாவுக்கு அந்தப் பெரிய வார்த்தைகள் வாயில் வரவில்லை. அவர் மானத்தைக் காப்பாற்றுவது என் கடமை என்று எண்ணி, அதை ஏழுமலையிடம்கூடச் சொல்லவில்லை.

ஏழுமலை எதிர்வீட்டுப் பையன். என்னுடைய ஒரே தோஸ்து. காத்தாடி விடும்போது நூல் கண்டு அவன் கையில் இருக்கும். அறுந்துபோனால் கூரை ஏறி எடுத்து வருவதும் அவன்தான். இரண்டு பேரில் ஒருவனை மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் இரண்டு பேரும் வந்து நிற்போம்.

ஒரு சாயங்காலம் நைனா வரவில்லை. கூட வேலை செய்கிறவர் வந்து, துறைமுகத்தில் ஆள் குறைவு, நைனாவுக்கு இரண்டு ஷிப்டு என்று சொல்லிப் பேப்பரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். குழாயடியில் எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"இன்னாடா, நீ படிக்கப் போறியா?" என்றாள் ஏழுமலையின் அம்மா. "மூக்க தொடச்சிகினு படி, ராஜா."

துடைத்துக்கொண்டு படித்தேன். நைனா விட்டுவிடும் பெரிய எழுத்திலிருந்தே ஆரம்பித்தேன். திக்கித் திக்கித்தான் வந்தது, ஆனாலும் ஒரு எழுத்து விடவில்லை. விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்திருக்கிறது. பட்டணத்தில் அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியூருக்குப் போய்விடுவது நல்லது என்று சர்க்கார் சொல்கிறது. படித்து முடித்து நிமிர்ந்தேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இத்தெல்லாம் உங்க நைனா படிக்கவேயில்லியேடா" என்றார் மூட்டை தூக்கும் ஒருவர்.

"அவருக்கு இந்த எழுத்து வராது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தெருமுனையில் இரண்டு மாட்டு வண்டிகள் நின்றன. மத்தியானத்துக்குள் ஐந்து வண்டிகள் ஆயின. பாத்திரம், பாய், கோழிக்கூடு, வலைச் சுருள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு யானைக்கவுனி வழியாகப் பெரிய ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஏழுமலை வீட்டார் அரக்கோணம் பக்கத்தில் யாரோ தூரத்துச் சொந்தம் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். ஏழுமலை வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரயிலில் போகிற சந்தோஷம் அவனுக்கு. என்னைப் பார்த்துக் கையாட்டக்கூட மறந்துபோனான்.

நைனா இரண்டு ஷிப்டு முடிந்து அந்த வண்டிகளைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தார். பேப்பரைக் கேட்டு வாங்கினார். நான் அரை மணி நேரம் திக்கிய அந்தப் பத்தியை, நின்ற நிலையில் ஒரே மூச்சில் வாய்க்குள் படித்து முடித்தார். அவருக்கு அந்த எழுத்து வராது என்று நான் நினைத்திருந்தது தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

"இத்தயும் படிச்சியா?" என்றார்.

தலையாட்டினேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டார். அம்மாதான் என் அருகில் வந்து மெல்லிய குரலில் சொன்னாள்: "துறமுகத்து ஆளுங்க ஊர வுட்டுப் போவக் கூடாதுன்னு உத்தரவு. நம்பளால போவ முடியாது. இவங்களும் போய்ட்டாங்கன்னா நாம தனியா இன்னா பண்றதுன்னுதான் அவரு அத்த படிக்காம வுட்டுகினு இருந்தாரு."

மூன்று நாளில் தெரு காலியாகிவிட்டது. பூட்டு இல்லாத வீடுகளைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசை இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஒரு நாள் காத்தாடியை எடுத்தேன். நூல் கண்டைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு ஓடிப் பார்த்தேன். கண்டு கல்லுக்கு அடியிலேயே சிக்கிக்கொண்டது. காத்தாடி மண்ணில் இழுபட்டுக் கிழிந்தது. அதைப் பார்த்துச் சிரிப்பதற்குக்கூட ஆள் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் படித்ததைக் கேட்டுப் போனவர்கள்தானே? அப்படியானால் நான் படித்தால் திரும்பியும் வருவார்கள்.

அன்று சாயங்காலம் நைனாவின் பேப்பரை எடுத்துக்கொண்டு குழாயடியில் போய் நின்றேன். இல்லாததை இருப்பதுபோல உரக்கப் படித்தேன். ஜப்பான்காரன் தன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டான். கல்மண்டபத்து ஜனங்கள் எல்லாரும் உடனே வீடு திரும்பலாம் என்று சர்க்கார் சொல்கிறது. பூட்டிய கதவு ஒவ்வொன்றின் பக்கமும் திரும்பித் திரும்பிப் படித்தேன்.

"யாருக்குடா படிக்கிற, நாய்க்கா?"

தெருக்கோடி வீட்டில் இருந்த ரங்கூன்கார அக்காதான் கேட்டது. பர்மாவிலிருந்து பாதி வழி நடந்தே வந்து சேர்ந்தவள். எங்களைத் தவிர அந்தத் தெருவில் போகாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு தபா நடந்ததே போதும், இனி குண்டு வேண்டுமானால் என்னைத் தேடி வரட்டும் என்பாள். நைனா படிக்கும்போதுகூட அவள் குழாயடிக்கு வந்து நின்றதில்லை, தன் வாசலில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் என் யோசனையைச் சொன்னேன். நான்தான் எல்லாரையும் போகவைத்தேன் என்றும் சொன்னேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"நீ போவ வச்சியா? அட போடா. உன் தோஸ்து வூட்ல நாலு நாளா மூட்ட கட்டிகினு இருந்தாங்க. ராத்திரி கட்றது, காலையில அவுக்கறது. பக்கத்து வூட்டுக்காரன் பாத்தா பயந்தாங்கொள்ளின்னுவான்னு வெக்கம். எல்லா வூட்லயும் இதே கதைதான். நீ படிச்சதும் எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினாங்க, கெளம்பிட்டாங்க. அவ்ளோதான்."

"பொய் சொல்ற" என்றேன்.

"நான் எதுக்குடா உன்னாண்ட பொய் சொல்றேன்? நீ ஒண்ணும் பண்ணல. அழுவாத, போ."

அவள் சொன்ன பிறகுதான் நான் அழ ஆரம்பித்தேன். ஆறுதலாகத்தான் சொன்னாள், ஆனாலும் அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. தப்பு என்னுடையது என்று இருந்தவரைக்கும் அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வழி இருந்தது. அதையும் அவள் பிடுங்கிக்கொண்டாள். நான் அவளை நம்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாளும் படித்தேன். அதற்கடுத்த நாள் நடுவில் நிமிர்ந்தபோது நைனா வந்து நின்றுகொண்டிருந்தார். கையெல்லாம் கிரேன் மசகு. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. நான் நிறுத்திவிட்டேன்.

"ஏன் வுட்டுட்ட? படி."

ஏழுமலை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் படித்தேன். அரக்கோணத்திலிருந்து தனி ரயில் விடுகிறார்கள் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தேன்.

"எப்ப வருதாம் ரயிலு?"

"நாளைக்கு, நைனா."

"ஜனம் நெறையா வருதாமா?"

"எல்லாரும் வராங்களாம்."

"சரி, மேல படி" என்று சொல்லிக் கதவில் சாய்ந்துகொண்டார்.

அடுத்த நாளிலிருந்து நைனா பேப்பரைப் பிரித்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார். டீக்கடையில் மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். முகம் கழுவிக்கொண்டு வந்து எதிர்வீட்டுப் படியில் உட்காருவார். நான் நாள் தவறாமல் ஒரு ரயிலை அரக்கோணத்திலிருந்து கிளப்பினேன். நேற்று சொன்ன ரயில் ஏன் வரவில்லை என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் நைனா அப்படியே நம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு நன்றாகப் படிக்கிறேன் என்று எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.