அலசாத பாட்டில்

நல்லவேளை, அம்மா அதைக் காபியில் ஊற்றவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். சமையலறையிலிருந்து குரல் வருகிறது.

"ஏண்டி, டிகாஷனை யாரு பாட்டில்ல ஊத்தி வெச்சது? இத்துனூண்டு இருக்கு... யாருக்குப் பத்தும்?"

வாயில் நுரையோடு ஓடினேன். அம்மாவின் கையில் என் சின்ன பாட்டில். மூடியின் மேல் விரல்கள்!

"அம்மா, கீழ வை! அது காவேரி!"

அம்மா பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"காவேரி ஏன் இந்தக் கலர்ல இருக்கு?"

அதுதானே கேள்வி! ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். முதலில் மொட்டைமாடிக் காளான். அப்புறம் பறவை பார்த்தல் — கணக்கில் தேறியது நாலு காகம், ஒரு மைனா, ஒரு சளி. இப்போது நீச்சல். எடமலைப்பட்டி புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, காலை ஆறு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு படித்துறை. எந்தப் படித்துறை என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

அங்கே ஜெயந்தி அக்கா பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறார். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. எட்டு மணிக்கு பஸ் ஏறியாக வேண்டும். அதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் — ஒரு கயிறு, இரண்டு லாரி டியூப், ஒரு விசில், பத்துப் பெண்கள். பதினொன்றாவதாக நான். அவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடம் படிக்கிறவர்கள். எனக்கு இருபத்தாறு. டியூபை விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதும் நான் ஒருத்திதான்.

"ரைட்டர் மேடம், அது டியூப்பு. மாப்பிள்ளை இல்ல. கொஞ்சம் விடுங்க" என்று விசிலுக்கு நடுவே அக்கா கத்துவார்.

ஆற்றின் ஆழத்துக்குக்கூட அக்கா பயப்பட மாட்டார். பயமெல்லாம் அம்மாக்களிடம். 'கறுத்துப் போயிடுவா.' 'சளி பிடிக்கும்.' 'பெரிய பொண்ணாயிட்டா, ஆத்துல என்ன வேலை?' இப்படிச் சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு நடை நடந்து, கெஞ்சி, கூட்டி வந்த பெண்கள் அவர்கள். "ஒரு சாக்கு கெடச்சாப் போதும், நாளைக்கே நிறுத்திடுவாங்க" என்பார்.

அப்படி இருக்கையில் ஒரு நாள், இருப்பதிலேயே சின்னவள் தண்ணீரிலிருந்து தலையை எடுத்து மூக்கைச் சுருக்கினாள்.

"அக்கா... முங்கினா ஒரு மாதிரி நாறுது."

அவ்வளவுதான்! எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் நிற்கவில்லை. டெஸ்ட் பண்ணிவிட வேண்டியதுதானே? படித்தது கெமிஸ்ட்ரி. அதை இதுவரை எதற்கும் பயன்படுத்தியதில்லை. ஆன்லைனில் தேடினேன். இருக்கிறது! ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் ஆறு சின்ன பாட்டில்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்து தடவிய ஒரு பேப்பர் துண்டு. கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து, மூடி, கதகதப்பான இடத்தில் வைத்துவிட வேண்டும். சாக்கடைக் கிருமி இருந்தால் ஒன்று, இரண்டு நாளில் தண்ணீர் கறுத்துவிடும். குளிர் தேசங்களில் இதற்குச் சூடு காக்க ஒரு பெட்டி வேண்டுமாம். திருச்சியில்? சமையலறை அலமாரி போதாதா!

முதல் பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். புளி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு நாள்... இரண்டு நாள்... கறுக்கவில்லை. துளி நிறம்கூட மாறவில்லை. பளிச்!

துள்ளிக் குதித்தேன். பாட்டிலைப் படம் பிடித்து அனுப்பினேன். அக்கா அதை அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜும் பேசினார்: "எல்லாரும் பாத்துக்குங்க, தண்ணி டெஸ்ட் பண்ணியாச்சு, சூப்பர். நம்ம ரைட்டர் மேடம் சயின்ஸ் படிச்சவங்க."

பலன் உடனே தெரிந்தது. அதுவரை 'பாக்கலாம்' என்று தள்ளிப்போட்ட இரண்டு வீடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஒருத்தி ஷபானா. மலைக்கோட்டைப் பக்கம் வீடு. எட்டாவது படிக்கிறாள். அத்தா சவூதியில். அம்மா தினமும் கூடவே வந்து, மேல்படியில் உட்கார்ந்து, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாளே ஷபானா டியூபை விட்டுவிட்டாள். நான் இன்னும் விடவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது பாட்டில். வாராவாரம் பார்த்தால்தானே அது கண்காணிப்பு? வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கரையேறி நின்ற ஷபானா, அட்டைப்பெட்டிக்குள் மடித்துக் கிடந்த தாளை எடுத்தாள். நான் அதுவரை பிரிக்காத தாள். (பிரித்துப் படிக்கப் பொறுமை இருந்தால் நான் ஏன் காளான் வளர்த்து வீட்டை நாறடித்திருக்கப் போகிறேன்?)

நான் குனிந்து பாட்டிலில் தண்ணீர் மொண்டேன். குலுக்கினேன். கொட்டினேன். மறுபடியும் மொண்டேன்.

ஷபானா சத்தமாக வாசித்தாள். "பாட்டிலை அலசக் கூடாது. அலசினால் உள்ளே உள்ள மருந்து போய்விடும்."

என் கை அப்படியே நின்றுவிட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் வாயிலிருந்து விசில் நழுவியது.

"போன வாரமும் அலசுனியா?"

தலையாட்டினேன்.

"எத்தன தடவ?"

"மூணு."

என்ன செய்ய? பிறந்ததிலிருந்து பழகிய கை! குடத்தை அலசாமல் குழாயடியில் வைத்திருக்கிறோமா? டம்ளரை அலசாமல் யாருக்காவது தண்ணீர் கொடுத்திருக்கிறோமா? கிருமியைக் காட்டிக்கொடுக்க வேண்டிய மருந்தை நானே ஆற்றில் கரைத்துவிட்டு, வெறும் பாட்டிலைப் பார்த்து 'சுத்தம்' என்று கூத்தாடியிருக்கிறேன்.

அந்த 'சுத்த'த்தை நம்பித்தான் ஒரு அம்மா மேல்படியில் உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா விசிலை எடுத்து ஊதினார். எல்லோரும் கரைக்கு. அன்றைக்கு மிச்ச வகுப்பு படிக்கட்டிலேயே நடந்தது. வரிசையாகக் குப்புறப் படுத்து, காற்றில் காலை உதைத்தார்கள். "என்னாச்சு, ஏன் ஏறிட்டாங்க?" என்று ஷபானாவின் அம்மா மேலிருந்து கேட்டார். "இன்னிக்குக் கால் பயிற்சிங்க" என்றார் அக்கா. முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாவது பாட்டிலை, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அலசாமல் பிடித்தேன். அக்கா அருகில் வந்து உட்கார்ந்தார். வெகு மெதுவாகப் பேசினார்.

"இது கறுத்துச்சுன்னா?"

"சொல்லித்தானே ஆகணும்க்கா."

"சொன்னா ஒருத்தியும் வரமாட்டா. அந்தப் பொண்ணு மூணு நாள்ல மிதக்குறா, பாத்தியா? அவ அத்தாவுக்கு இன்னும் தெரியாது. அவங்கம்மா தைரியமா கூட்டிட்டு வராங்க." சுற்றுமுற்றும் பார்த்தார். "பேசாம... இதையும் அலசிடேன்."

சொல்லிவிட்டு அவரே தலையில் அடித்துக்கொண்டார். "சீ, நான் பேசினத மறந்துடு."

நான் மறக்கவில்லை. அவர்மேல் கோபமும் வரவில்லை. ஏனென்றால் நாம் எல்லோரும் அந்த ரகம்தான், இல்லையா? விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டுக் குப்பை கட்டிலுக்கு அடியில் போகிறது. ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்றால் முதல் நாளே கழிப்பறையில் பினாயில் மணக்கிறது. என் அப்பா இருக்கிறாரே... சுகர் டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து ஸ்வீட்டைத் தொட மாட்டார், ராத்திரி சோறு கிடையாது, தெருவில் நாலு ரவுண்டு நடை. ரிப்போர்ட் நார்மல்! அதைக் கொண்டாட வரும் வழியிலேயே ஜாங்கிரி! பாட்டிலை அலசுவது என் கைக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை.

மறுநாள்தான் அந்த வெள்ளிக்கிழமை. டிகாஷன்.

படத்தைக் குரூப்பில் போட்டேன். வாய்ஸ் மெசேஜை அக்காவைப் பேச விடவில்லை. என் தப்பு, என் குரல். "போன வாரம் நான் சொன்னது தப்பு. பாட்டிலை அலசிட்டேன். தண்ணி சரியில்ல. ரெண்டு நாள் டைம் குடுங்க, எங்க சரியில்லன்னு கண்டுபிடிச்சு சொல்றேன்." ப்ளூ டிக், ப்ளூ டிக், ப்ளூ டிக். அப்புறம் ஒருவர்: 'எங்க வீட்டுப் பிள்ளை இனிமே வராதுங்க.' அடுத்து இன்னொருவர். ஷபானாவின் அம்மா எதுவுமே எழுதவில்லை.

மிச்சம் மூன்று பாட்டில்.

சனிக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள், ஷபானாவும் அவள் அம்மாவும் உள்பட. யாரும் இறங்கவில்லை. "எந்த இடத்துல நாறுது?" என்று கேட்டேன். அடேயப்பா, அந்தப் பெண்களுக்கு அந்த ஆறு உள்ளங்கை மாதிரி தெரிந்திருக்கிறது! "இந்தப் படியில காலு வழுக்கும்." "அந்தக் கல்லுக்கிட்ட தண்ணி சூடா வரும்." "அந்தப் புதர் ஓரமா சாம்பக் கலர்ல ஓடும்க்கா, நாங்க அங்க முங்க மாட்டோம்." இத்தனை நாள் நான் ஏன் இவர்களைக் கேட்கவில்லை?

புதரை விலக்கினோம். உள்ளே ஒரு குழாய் வாய். யார் வீட்டுத் தண்ணீரோ, எந்தத் தெருத் தண்ணீரோ... சலசலவென்று ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி மாளாது. துப்பறிகிறோம் ஐயா, துப்பறிகிறோம்! ஒன்று — நாங்கள் நீந்தும் படி. இரண்டு — குழாய்க்கு அருகில். மூன்று — குழாயைத் தாண்டி, ஆறு வரும் திசையில் நூறு அடி மேலே, மணல் திட்டு. மூன்றையும் ஷபானாவே பிடித்தாள். அலசச் சொல்லி யாரும் பழக்காத கையோ, தாளைப் படித்த கையோ... கோடு வரைக்கும் கச்சிதமாக நின்றது தண்ணீர்.

தினமும் அங்கே குளிக்கிற ஒரு மாமா, துண்டைப் பிழிந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, காவேரித் தாயாருக்கே பரீட்சை வைக்கறேளா?"

"தாயாருக்கு இல்ல மாமா, அந்தக் குழாய்க்கு" என்று கையைக் காட்டினேன். புதருக்குள் எட்டிப் பார்த்தவர், பிழிந்த துண்டாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறிவிட்டார்.

ஞாயிறு காலை: ஒன்று, கறுப்பு. இரண்டு, அட்டக் கறுப்பு. மூன்று... லேசான பழுப்பு. மருந்தின் நிறம், அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாள் முடிய வேண்டுமே! அம்மா அலமாரிக்குக் காவல் நின்றாள். "இன்னும் கறுக்கலடி" என்று மணிக்கு ஒரு தடவை அறிக்கை. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக்கூடக் காட்டினாளாம்.

திங்கள் காலை. மூன்று பாட்டில்களையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடினேன். வரிசையாகப் படியில் வைத்தேன். கறுப்பு, கறுப்பு, பழுப்பு. ஷபானாவின் அம்மா மேல்படியிலிருந்து இறங்கி வந்தார். மூன்றாவதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இத அலசலைல்ல?"

"நான்தாம்மா புடிச்சேன்" என்றாள் ஷபானா.

"குடிக்கலாமா?"

"குடிக்கல்லாம் கூடாதுங்க" என்றேன். "இது ஆமா, இல்லன்னு மட்டும்தான் சொல்லும். இந்த வாரம் இல்லன்னு சொல்லியிருக்கு. அடுத்த வாரம் திரும்பக் கேக்கணும்."

அவர் பாட்டிலைப் படியில் வைத்தார். "போன வாரம் சூப்பர்னு சொன்னீங்க. இப்ப இவ்வளவு இழுக்கறீங்க. இப்பத்தான் நம்பிக்கை வருது." அக்காவைத் தேடித் திரும்பினார். "மேல, மணல் திட்டுக்கே போலாங்க. ஆனா துணி மாத்த எடம்?"

அக்கா அதற்குள் மூங்கில் கழியோடு மணல் திட்டருகே இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பழைய புடவை போதும்!" என்று அங்கிருந்தே கத்தினார். "கட்டிடலாம்!"

அன்று ஷபானா மணல் திட்டிலிருந்து கயிற்றின் கடைசி முடிச்சு வரைக்கும் தனியாக நீந்தினாள். அவள் அம்மா போனில் வீடியோ எடுத்தார். "யாருக்குங்க?" என்றார் அக்கா. "அவங்க அத்தாவுக்குத்தான். எத்தன நாள் மறைக்கிறது?"

குரூப்பில் எழுதி நின்றுபோன இருவரில் ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள். இன்னொருத்தி வரவில்லை. அது என் கணக்கில்தான் நிற்கிறது. குழாயைப் பற்றி மனு கொடுத்திருக்கிறோம், கூடவே அந்த டிகாஷன் பாட்டிலின் படமும். படித்துறைத் தூணில் வாராவாரம் ஒரு தாள் ஒட்டுகிறோம்: எந்த இடம், என்ன நிறம். யார் படிக்கிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் நம் மாமா, மணல் திட்டுப் பக்கம் வந்து குளித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன மாமா, இந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல... இங்க காத்து நன்னா வரது."

நானா? டியூபை ஒரு கையால் விட்டிருக்கிறேன். இன்னொரு கை யோசித்துக்கொண்டிருக்கிறது.

அப்பாவுக்கு வருகிற புதன்கிழமை சுகர் டெஸ்ட். நேற்றிலிருந்து ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டார். ஷபானா வாசித்த அந்தத் தாளை எடுத்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.