பச்சையென்று நினைத்து வைத்த நிறம்

ஓவியர் சவரிமுத்து காலமான செய்தி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் காலைப் பசியாறிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் வந்தது. அனுப்பியவர், அவருடைய ஓவியங்களை விற்றுவந்த கலைக்கூட உரிமையாளர். இரங்கல் வரிகளுக்குக் கீழே, நான் அண்ணன் என்றே அழைத்த அவர் வெறுத்த பழுப்பு ஓவியங்களில் ஒன்றையே போட்டிருந்தார். தோசையைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த ஓவியங்கள் நினைவிருக்கும். கிள்ளான் ஆற்றங்கரையை வாழ்நாளெல்லாம் பச்சைப் பசேலென்று வரைந்தவர், கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் பழுப்பிலும் செம்மண் நிறத்திலும் தீட்டினார். கண்புரைதான் காரணம். கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, வண்ணக் குழாய் ஒன்றை மகளிடம் நீட்டி, அது பச்சைதானா என்று அவர் கேட்டதை நானே பார்த்தேன். பார்த்துவிட்டு வந்துதான், அவர் 'அந்தி ஒளியின் காலத்துக்குள்' நுழைந்துவிட்டதாகப் பத்திரிகையில் எழுதினேன். இன்று அதைப் படிக்க எனக்கே கூசுகிறது.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபோதெல்லாம், இந்தக் கண்காட்சி முடியட்டும் என்று உரிமையாளர் தள்ளிப்போட வைத்தார். புதுப் பாணிக்கு அவ்வளவு வரவேற்பு. புரை முற்றி, கண்ணழுத்தம் ஏறி, இடது கண் பறிபோனது. வலது கண்ணை மட்டும் மருத்துவர்களால் அறுவை செய்து காப்பாற்ற முடிந்தது.

பார்வை தெளிந்ததும் அவர் முதலில் போக விரும்பிய இடம் அந்தக் கலைக்கூடம். நான்தான் அழைத்துப் போனேன். தன் ஆற்று ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"நான் பச்சைன்னு நெனச்சு வச்சது இதுவா? லோங்காங் சாக்கடைத் தண்ணி மாதிரில்ல இருக்கு" என்றார்.

எல்லாவற்றையும் கழற்றித் தாருங்கள், திருத்தித் தருகிறேன் என்று கேட்டார். உரிமையாளர் சிரித்தார். "இதான்ணே எல்லாருக்கும் பிடிக்குது லா. தொடாதீங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ பார்த்தே இல்ல? ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

உங்களுக்கு வலிக்குமே என்றுதான் சொல்லவில்லை என்றேன். பொய். கட்டுரைக்குக் கிடைத்த பாராட்டு எனக்கு இனித்தது, அவ்வளவுதான். அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். படியிறங்கும்போது நான் நீட்டிய கையை விட்டுவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினார்.

அவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தப்போகிறார்கள். அந்தப் பழுப்பை ஞானம் என்று யாராவது பேசுவார்கள். அவரை அறிந்தவர்களே, தயவுசெய்து கைதட்டாதீர்கள்.

கடைசியாகப் பார்த்தபோது, ஒற்றைக் கண்ணால் வரைந்த உள்ளங்கையளவு படம் ஒன்றைத் தந்தார். தட்டில் நான்கு எலுமிச்சங்காய். தட்டின் விளிம்பு கோணல். ஒரு காய் வெளியே உருண்டுவிடும்போல் இருக்கிறது.

"சுமாராத்தான் வந்திருக்கு. ஆனா என் கண்ணால பார்த்து வரைஞ்சது. வச்சுக்க."

அதையும் கலைக்கூடத்தார் கேட்டுவிட்டார்கள். நான் தரமாட்டேன்.