பல்லைச் சுத்தம் செய்தால் ஆடும் என்று சொன்னவள்

எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. இருபத்திரண்டு வருடமாகத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வகுப்பில் பேசிப் பேசி, வீட்டிலும் நான் சொல்வதுதான் கடைசி வார்த்தை என்று ஆகிவிட்டது. என் கணவர் அதற்கு நேர் எதிர். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், செய்த பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறார். முடியளவு தப்பு இருந்தாலும் அந்தப் பாகத்தைத் தூக்கித் தனியே வைத்துவிடுவார். என் பேச்சில் மட்டும் எவ்வளவு தப்பு இருந்தாலும் அப்படியே ஏற்றுக்கொள்வார். அந்த நல்ல குணத்தால்தான் அவருடைய பல்லே போகப் பார்த்தது.

நாலு வருடத்துக்கு முன் அவருடைய தொழிற்சாலையில் பல் பரிசோதனை முகாம் நடந்தது. சாயங்காலம் ஒரு சீட்டோடு வந்தார்.

"ஈறு வீங்கியிருக்காம். பல்லுக்குப் பின்னாடி அழுக்கு இறுகிக் காரையா நிறைய சேர்ந்திருக்காம். கிளீனிங் பண்ணிக்கச் சொன்னாங்க."

"கிளீனிங்கா? வேற வேலையே இல்லையா அவங்களுக்கு? மெஷினை வெச்சுச் சுரண்டினா இருக்கிற பல்லும் லூஸாயிடும். எங்க பெரியம்மா பண்ணிட்டு வந்தாங்க. ஒரே வருஷத்துல நாலு பல்லு போச்சு. பேசாம இருங்க."

அவர் பேசாமல் இருந்தார். சீட்டை எங்கே வைத்தார் என்றுகூட எனக்குத் தெரியாது.

அதோடு விட்டேனா? கொஞ்ச நாள் கழித்து, பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது என்றார். "அப்போ அந்த இடத்துல பிரஷ் படாமப் பாத்துக்கோங்க. புண்ணு தானா ஆறட்டும்" என்றேன். வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் கொப்பளிக்கக் கொடுத்தேன். ரத்தம் நின்றது. தொடாத இடத்தில் ரத்தம் எப்படி வரும்? கணக்கு டீச்சருக்கு அது உறைக்கவில்லை. பெரிய வைத்தியம் பார்த்துவிட்டதாக நினைத்து, ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேருக்கு அதே யோசனையை வேறு சொன்னேன். அவர்கள் கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது வேண்டிக்கொள்கிறேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரம் மார்க்கெட்டில் நல்ல கொய்யாக்காய் கிடைத்தது. அவருக்கு உயிர் அது. கழுவி அப்படியே கடிக்கிற ஆள், அன்று கத்தியை எடுத்து மெல்லிசாகச் சீவி, ஒவ்வொரு துண்டாகக் கடைவாயில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன, குழந்தைக்குக் குடுக்கிற மாதிரி?"

"இப்படியும் நல்லாத்தான் இருக்கு."

எனக்குச் சந்தேகம். "வாயைத் திறங்க" என்றேன், வகுப்பில் பேசும் அதே குரலில். திறந்தார். நாக்கால் கீழ் முன்பல்லைத் தொட்டுக் காட்டினார். பல் முன்னும் பின்னும் அசைந்தது.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசம் இருக்கும். சொன்னா நீ பயப்படுவேன்னு..."

நான் பயப்படவில்லை, கத்தினேன். பயம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கத்தி முடித்த பிறகு அழுகை வந்தது. ஐம்பது வயதுகூட ஆகாத மனிதர். என் பேச்சைக் கேட்டதைத் தவிர அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

இரும்புலியூரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். சின்ன வயசுப் பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கீழ் முன்பற்கள் நான்கையும் தாங்குகிற எலும்பு கரைந்திருக்கிறது என்றார். அதில் ஒன்று மிக மோசம்.

நான் மெதுவாகக் கேட்டேன்: "கிளீனிங் பண்ணா இன்னும் ஆடாதா டாக்டர்?"

"எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க மேடம். காரை சேரச் சேர ஈறு இறங்கும், எலும்பு கரையும். பல்லு அப்பவே ஆட ஆரம்பிச்சிடும். வெளியில இருக்கிற காரை சிமெண்ட் மாதிரி பிடிச்சிட்டிருக்கிறதால தெரியாது. அதை எடுத்ததும் ஆட்டம் தெரியும். பழி கிளீனிங் மேல விழும். ரத்தம் வர்ற இடத்தைத்தான் விடாம, மெதுவாத் தேய்க்கணும்."

பெரியம்மாவின் நாலு பல்லும் எப்படிப் போயின என்று அப்போதுதான் புரிந்தது.

மருத்துவர் அவரிடம் திரும்பினார். "ஏன் சார் இவ்ளோ நாள் விட்டீங்க? முன்னாடி யாரும் செக் பண்ணிச் சொல்லலையா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஷிஃப்ட் வேலை டாக்டர். டைமே கிடைக்கல" என்றார் அவர், என் பக்கம் திரும்பாமலே.

கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் அவர் எனக்கு எத்தனையோ வாங்கித் தந்திருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. ஆனால் அன்று நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. அவர் தந்த மறைவில் கெட்டியாக ஒளிந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஈறுக்கு உள்ளே வரை நாலு தடவையாகச் சுத்தம் செய்தார்கள். நாலு பல்லையும் பின்பக்கமாக மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். "மூணு மாசம் பாப்போம் சார். ஈறு இறுகினா ரொம்ப ஆடற அந்த ஒரு பல்லு நிக்கும். இல்லேன்னா அதை எடுத்துடலாம். இனிமே பாதி வேலை உங்க கையில" என்றார் மருத்துவர்.

அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டு வாஷ்பேசின் முன்னால்தான் கழிந்தது. மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரமாகச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக, முழுசாக இரண்டு நிமிஷம். பல் இடுக்குக்குக் குட்டி பிரஷ் தனி. காலையில் கம்பெனி பஸ் ஏறும் முன் ஒரு தடவை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. தொழிற்சாலையில் பாகத்தைப் பார்ப்பதுபோல, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பார். நான் பக்கத்தில் நிற்பேன். முதல் வாரம் துப்பியதெல்லாம் சிவப்பு. "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்" என்று தொண்டை வரை வரும். முழுங்கிவிடுவேன். பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து நுரை வெள்ளையாக வந்தது. அடேயப்பா, பேஸ்ட் நுரையைப் பார்த்து ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா!

மூன்று மாதம் முடிந்து போனோம். மருத்துவர் அளவுக்கோடு போட்ட ஊசி போன்ற ஒன்றால் ஈறின் இடுக்கை அளந்தார். அந்தப் பல்லைக் கருவியால் அழுத்திப் பார்த்தார்.

"நிக்குது சார். எடுக்க வேணாம்."

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மகளாக இருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். நன்றி சொல்ல வந்த வாயில் வேறொன்று வந்தது. "அவருக்கு டைம் இல்லாம இல்ல டாக்டர். மூணு வருஷம் முன்னாடியே முகாம்ல சொன்னாங்க. நான்தான் பல்லு ஆடும்னு வேணாம்னுட்டேன்."

மருத்துவர் சிரித்தார். "தெரியும் மேடம். வீட்ல யாரோ சொல்லியிருப்பாங்கன்னு அன்னிக்கே நெனச்சேன். சரி, நீங்க கடைசியா எப்போ பல்லு செக் பண்ணீங்க?"

நான் கணவரைப் பார்த்தேன். எதையாவது சொல்லிக் காப்பாற்றுவார் என்றுதான் பார்த்தேன்.

"அவங்க இதுவரைக்கும் காட்டினதே இல்ல டாக்டர்" என்றார். நாற்காலியை விட்டு இறங்கி, என் கைப்பையை வாங்கிக்கொண்டு, எனக்கு இடம் விட்டார்.