பில் திரையில் ஒரு குத்துவிளக்கு

ஆரியசாலையில் ஒரு வற்றல் மிளகாய் மொத்தக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பல ஊர் சுற்றி, அங்கே வந்து சேர்ந்திருந்தேன். படுக்கையும் கடை மாடியில், சாக்குகளுக்கு நடுவில். வேலை போனால் படுக்கையும் போகும்.

புதிதாக ஒரு பில் மென்பொருள் வந்தது. திரையின் மூலையில் குத்துவிளக்கு. ஐந்து சுடரும் ஓயாமல் ஆடும். முதலாளி அதைப் பார்த்துத்தான் வாங்கினார். கம்ப்யூட்டரோ பழசு. சுடர் ஆட ஆட அதற்கு மூச்சு வாங்கியது. உள்ளே இருந்த விசிறி மிளகாய்த் தூளை இழுத்துச் சூடாக என் முகத்தில் துப்பும். மூக்கு ஒழுகும். துடைத்த விரலாலேயே தட்ட வேண்டும். கீபோர்டு பிசுபிசுவென்றிருக்கும், தொடவே குமட்டும். ஓர் எழுத்தைத் தட்டினால், விளக்கு நாலு ஆட்டம் ஆடிய பிறகே அது திரையில் விழும்.

தலையில் மூட்டையோடு நிற்கும் சுமைக்காரர், "எந்தா அண்ணாச்சி, பில்லு இன்னைக்குப் பிரசவிக்குமோ?" என்பார். முதலாளிக்கு அது போதும்.

"லேய், கை வழங்கலேன்னா சொல்லு. திங்கக்கிழமை வேற ஆளு வருவான்."

மென்பொருள் விற்ற இடத்துக்கு போன் போட்டேன், ஸ்பீக்கரில். எடுத்த மலையாளத்துப் பெண், "சேட்டா, விளக்கை ஓஃப் செய்தா மதி, அது போதும்" என்றாள்.

முதலாளி எழுந்துவிட்டார். "விளக்கை அணைக்கவா? காலங்காத்தால கடையில பேசுத பேச்சாலே இது?"

எங்கள் பக்கம் அணை என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. "குளிர வைக்கலாமா?" என்று மாற்றிக் கேட்டேன்.

"வியாபார விளக்குலே. எரியணும்."

போனில் அவள் சிரித்தாள். "சரி, எரியட்டே. ஆட்டம் மாத்திரம் நிறுத்தினா மதி. அது ஆடும்போதெல்லாம் மிஷின் ஸ்க்ரீன் முழுக்கப் புதுசா வரையணும், அதான் ஸ்லோ."

அவள் சொன்ன இடத்தில் ஒரு டிக்கை எடுத்தேன். ஐந்து சுடரும் அப்படியே நின்றன. கொஞ்ச நேரத்தில் விசிறி அடங்கியது. தட்டிய எழுத்து தட்டியவுடன் விழுந்தது.

முதலாளி குனிந்து பார்த்தார். "காத்துகூட அசைக்க முடியல பாத்தியாடே? லெச்சுமி உக்காந்துட்டா." கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆள் வரவில்லை. மறுநாளிலிருந்து காலையில் திரை விளக்கின்மேல் சந்தனமும் குங்குமமும் அப்புவார். காய்ந்து உதிர்ந்து கீபோர்டுப் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். அதை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு முதல் பில்லைப் போடுவேன். படுக்கை இருந்தது.