மலை சிவக்கும் நேரத்தில் சமையல்

ஆஸ்திரேலியப் பூங்காக்களில் பொதுமக்களுக்கென்று ஒரு மின்சார அடுப்பு வைத்திருப்பார்கள். பொத்தானை அமுக்கினால் தகடு சூடாகும். மற்றவர்கள் அதில் இறைச்சியைச் சுட்டுத் தின்றுவிட்டுப் போவார்கள். அந்தத் தகட்டைச் சுரண்டித் தேய்த்து, மேலே அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் சாம்பார்ச் சட்டியை ஏற்றுகிறவர்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான். நாங்கள் என்றால் நானும், என் கணவருடைய நண்பரின் மனைவியும்.

நாங்கள் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த இடம் ப்ளாக்ஹீத். சிட்னிக்கு மேற்கே இருக்கிற நீலமலையில் அது இலையுதிர் காலம். மேப்பிள் மரங்கள் பற்றி எரிவதுபோல் நின்றன. அவற்றின் கீழே என் கணவரும் அவருடைய நண்பரும் ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சூடு பண்ணி, பரிமாறி, பாத்திரம் கழுவி நான் நிமிர்ந்தபோது, "கிளம்பலாமா? லேட்டாகுது" என்றார் கணவர்.

இந்தப் பயணமே என் யோசனை. நான் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் எனக்குத் தெரிகிற வானம் ஆஸ்பத்திரி கார் பார்க்குக்கு மேலே இருக்கிற துண்டு வானம்தான். பாலைவனத்தில் சூரியன் இறங்கும்போது ஃபிளிண்டர்ஸ் மலைகள் செக்கச் சிவந்துவிடும் என்று உடன் வேலை செய்கிற ஒருத்தி சொன்ன நாளிலிருந்து, அதை ஒரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஈஸ்டருக்கு லீவு கிடைக்க யார் யாருடைய ஷிஃப்டையோ வாங்கிக்கொண்டு உழைத்தேன். பிள்ளைகள் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். லிட்கம்மில் இருக்கிற யாழ்ப்பாணத்து நண்பரையும் அவர் மனைவியையும் என் கணவர் சேர்த்துக்கொண்டார். வாடகைக்கு ஒரு வேன் எடுத்தோம். முதலில் அதில் ஏறியது ரைஸ் குக்கர்.

"வெளிச் சாப்பாடு ரெண்டு வேளைக்கு மேல எனக்கு ஒத்துக்காது" என்றார் கணவர். கெல்லிவில் வீட்டில் வாரம் தவறாமல் பீட்சா ஒத்துக்கொள்கிற வயிறு, பாலைவனம் என்றதும் பத்தியம் கேட்டது. அரிசி மூட்டை, பருப்பு, ரசப்பொடி, ஐஸ்பெட்டி நிறையத் தக்காளி, கத்தரிக்காய், எலுமிச்சை, பச்சை மிளகாய். கெல்லிவில் அடுக்களை சக்கரம் கட்டிக்கொண்டு புறப்பட்டது.

அடுத்த நாள் மாலை ப்ரோக்கன் ஹில் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் செம்மண், உப்புச்செடி, வேலியோரம் ஓடுகிற ஈமு. ஊருக்கு வெளியே ஒரு மேடு இருக்கிறது, அங்கே நின்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் வெட்டவெளி, அதற்குள் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம் என்று தங்கிய இடத்தில் சொன்னார்கள். நான் செருப்பை மாட்டினேன்.

"நீங்க ரெண்டு பேரும் சமையலை ஆரம்பிங்க. நாங்க ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வந்திடறோம்" என்றார் கணவர்.

"நானும் வர்றேன்."

"அப்ப சாப்பாடு? எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிருக்கேன்மா."

ஓட்டுகிறேன் என்று நான் கேட்டதற்கு ஹைவேயில் லாரி வரும் என்று சாவியைத் தராதவர் இவர்தான். வேன் போய்விட்டது. நான் கத்தரிக்காய் நறுக்கினேன். கத்தரிக்காய் என்ன பாவம் செய்தது, அப்படி நறுக்கினேன். திரும்பி வந்தவர் ஃபோனை நீட்டி, "பாரு, உனக்காகத்தான் எடுத்தேன்" என்றார். உள்ளங்கை அளவுக்கு ஒரு சூரியன். அதன் முன்னால் பெரிதாக அவர் முகம்.

மூன்றாம் நாள் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தோம். பழ ஈ பரவாமலிருக்க அங்கே காய்கறிகளுக்குச் சோதனைச் சாவடி உண்டு. வழியெல்லாம் பலகை வைத்து எழுதியிருந்தார்கள். இரண்டு ஆண்களும் படித்தார்கள். படித்துவிட்டு என் கணவர் மெல்ல என் பக்கம் திரும்பி, "பச்சை மிளகாயையும் எலுமிச்சையையும் மட்டும் உன் ஹேண்ட்பேக்ல போட்டுக்கோ. லேடீஸ் பையை அவ்வளவா பாக்க மாட்டாங்க" என்றார்.

மாட்டினால் அபராதம் என் பெயரில். மாட்டாவிட்டால் ரசம் அவர் வயிற்றில். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

வேன் நின்றதும் நானே இறங்கினேன். அதிகாரி சிரித்த முகமுள்ள பெண். ஐஸ்பெட்டியைத் தூக்கி வந்து அவள் முன்னால் திறந்து வைத்தேன். தக்காளி, மிளகாய், எலுமிச்சை, கத்தரிக்காய் எதுவும் கூடாது என்றாள். ஒவ்வொன்றாக எடுத்து அங்கிருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். வெங்காயத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அதையும் நானாகவே போட்டேன். நண்பரின் மனைவி ஓடி வந்து கறிவேப்பிலைக் கட்டைப் போட்டார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வேனுக்குள் ஆண்கள் இருவரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை ஃபிளிண்டர்ஸ் மலையடிவாரத்துக் கேபினில் பெட்டிகளை இறக்கினோம். கல் மதில் மாதிரி எதிரே நீண்டு கிடந்தது மலை. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கணவர் குக்கரைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தார்.

"காய் இல்லைன்னா என்ன, சாதம் மட்டும் வெச்சு ஒரு ரசம் பண்ணிடு. ஊறுகாய் இருக்கே."

நான் மேசையிலிருந்த வேன் சாவியை எடுத்தேன்.

"எங்க போறே? இருட்டினா கங்காரு குறுக்க வரும். உனக்கு ஓட்ட வராது."

"வந்தா நிறுத்திக்கிறேன்" என்றேன்.

நண்பரின் மனைவி ஏற்கெனவே முன் சீட்டில் ஏறிவிட்டார். "பாண் கிடக்கு, பசிச்சா தின்னட்டும் அக்கா. நீங்க எடுங்கோ" என்றார். ரொட்டியைத்தான் அவர் பாண் என்பார்.

கொஞ்ச தூரத்தில் மலையைப் பார்த்தபடி ஒரு மேடு இருந்தது. அதன் உச்சிக்குப் போனபோது வேறு யாரும் இல்லை. காற்று ஆளைத் தள்ளியது. மலையின் அடிப்பகுதி மஞ்சளாக இருந்தது, பிறகு காவியானது. சிவப்பு கீழிருந்து மேலே ஏறத் தொடங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஃபோன் அடித்தது. யோசிப்பதற்குள் கை எடுத்துவிட்டது. அதுதான் அதன் பழக்கம்.

"ஒரு கப் அரிசிக்கு எவ்வளவு தண்ணி?"

காற்றில் காது கேட்கவில்லை. மலைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, மறு காதைப் பொத்திக்கொண்டேன்.

"ரெண்டு கப்."

"எந்த கப்? டீ குடிக்கிறதா?"

"எதுல அரிசி அளந்தீங்களோ அதுலயே."

"ஊற வைக்கணுமா? உப்பு எப்ப போடறது? ரசப்பொடி எந்தப் பையில? இரு இரு, இவர் என்னமோ கேக்கறார்."

நண்பர் புளி எங்கே என்று கேட்டார். நீலப் பை, பக்கவாட்டு ஜிப் என்றேன். இல்லையாம். மறுபடி தேடச் சொன்னேன். கிடைத்தது.

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மலை சாம்பல் நிறத்தில் இருந்தது.

"கண்டனீங்களே அக்கா?" நண்பரின் மனைவியின் கன்னம் நனைந்திருந்தது. "ரத்தம் மாதிரிச் சிவந்து, கடைசியா ஊதாவா மாறினது. ஐயோ, என்ன வடிவு!"

நான் கண்டேன் என்று தலையாட்டினேன். அவருடைய சந்தோஷத்தை எதற்குக் கெடுப்பது? ஆனால் கேட்டதும் பதில் சொன்ன என் வாயை நானே அறைந்திருப்பேன். இருபது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவரிடம், தெரியாது, நீங்களே பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வரவில்லை.

நாங்கள் கேபினுக்குத் திரும்பியபோது நாற்காலிகளை வெளியே போட்டு ஆண்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குக்கரின் படம் அதற்குள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருந்தது, "இன்று சமையல் எங்கள் கையில்" என்று. யார் யாரோ கை தட்டியிருந்தார்கள்.

"உனக்கும் வெச்சிருக்கேன், சாப்பிடு" என்றார் கணவர் பெருமையாக.

மூடியைத் திறந்தேன். சாதம் களியாகக் குழைந்து கிடந்தது.

"எவ்வளவு தண்ணி வெச்சீங்க?"

"நீ சொன்னது கம்மியா இருக்கும்னு தோணிச்சு. அதான் ஒரு குத்துமதிப்பா ஊத்திட்டேன்."